ஈர வண்ணத்தில் ஒட்டிய மணல்

நாளைக் காலையில் கண்காட்சி. ஒரே ஆற்றங்கரை, இரண்டு படங்கள். ஒன்று பேர்பெற்ற ஓவியரான அத்தான் வரைந்தது. மற்றது, செத்துப்போன அக்கா வரைந்தது. எது மூலம், எது நகல் என்று இன்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிடும்.

"அவ வீட்ல உட்கார்ந்து என்னோடதைப் பார்த்து வரைஞ்சா" என்று இருபது வருஷமாக அத்தான் சொல்லி வருகிறார். ஊரே தலையாட்டுகிறது. தங்கைக்காரி மட்டும் ஆட்டவில்லை. விடியற்காலையில் அக்கா வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். சொன்னால் யார் கேட்டார்கள்? வாயாடி என்று பட்டம் வாங்கியதுதான் மிச்சம்.

பரிசோதனை அறையில் மைக்ராஸ்கோப்பின் மேல் கவிழ்ந்திருந்த பெண் அத்தானின் படத்தைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டு நகர்த்தி வைத்தாள். அதில் ஒரு தூசி இல்லை. அடுத்தது அக்காவின் படம். ஊதாவும் மஞ்சளுமாகக் குட்டிக் குட்டித் தீற்றல்கள், எட்ட நின்றால் அத்தனையும் வெயில் பட்ட தண்ணீர். வாசலில் நின்ற தங்கை பத்து நகத்தையும் கடித்துத் தீர்த்திருந்தாள்.

"மேடம், சீக்கிரம் வாங்க!"

ஓடினாள். ஒரு செருப்பு வாசலோடு நின்றுவிட்டது.

"இது மணல் மேடம்! பெயின்ட் காயறதுக்குள்ள ஒட்டியிருக்கு. அதுக்கு மேலேயே அடுத்த தீற்றல் போயிருக்கு. இதோ, கொசு றெக்கை. ரூமுக்குள்ள வரைஞ்சா இதெல்லாம் எப்படி வரும்?"

தங்கைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அக்கா, மாட்டிக்கிட்டாருக்கா!" என்று கத்தியே விட்டாள். அதே வேகத்தில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "வாங்கத்தான். குனிஞ்சு நல்லா பாருங்க."

அத்தான் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் தங்கை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

"அன்னைக்குப் பேய்க்காத்து" என்றார், குனிந்தபடியே. "அவ வரைய வரைய குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். அந்த ஆத்தை அவ எப்படி அவ்வளவு அமைதியா பார்த்தாளோ, எனக்குப் புரியவேயில்லை."

ஒரு வசவும் வெளியே வரவில்லை. தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"எழுதிக்கோம்மா. ஓவியம், எங்கக்கா. குடை, எங்கத்தான்."