மடு மாதாவுக்குப் பக்கத்தில் ஓர் ஒல்லாந்தர்

என் மனைவி எமில்டாவுக்கு எத்தனை புனிதர்கள் இருந்தாலும் போதாது. நாங்கள் வந்து குடியேறிய வோபர்னில், எங்கள் அப்பார்ட்மெண்டின் சுவரில் அந்தோனியார், செபஸ்தியார், மடு மாதா என்று எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போன கோடையில் ரூஜ் பக்கம், வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கும் ஒரு யார்ட் சேலில் இன்னொருவரையும் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் நீள்வட்டப் படம். கறுப்பு உடுப்பு, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் வெள்ளைக் கொலர், கூரான தாடி, நெஞ்சில் ஒரு கை, மற்றக் கையில் ஏதோ ஒன்று.

"ஆரோ பழைய காலத்துச் சுவாமி," என்றாள்.

"தலையில ஒளிவட்டத்தைக் காணேல்லையே?"

"இன்னும் புனிதராக்கேல்லை போல. றோமில அலுவல் நடக்குதாக்கும்."

எமில்டாவுடன் வாதாடி நான் வென்ற சரித்திரம் இல்லை. தீர்த்தம் தெளித்து, மடு மாதாவுக்குப் பக்கத்தில் அவரைக் குடியேற்றினாள். மற்றவர்களிடம் ஆயிரம் மன்றாட்டு வைப்பவள், புதியவருக்கு ஒரேயொரு வேலைதான் கொடுத்தாள்: எங்கள் மகள் மெலனிக்கு நல்ல மாப்பிள்ளை. அதற்காகத் தினமும் அவருக்கு ஒரு மெழுகுதிரி.

மெலனியோ தானே ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டாள். பெயர் ஹென்றிக். வெள்ளைக்காரன். "அம்மா ஓம் எண்டால்தான் கட்டுவன். இல்லையெண்டாலும் அவனை விடமாட்டன்," என்று சொல்லிவிட்டாள். எமில்டா மாதக்கணக்கில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேசாத எமில்டாவைக் கண்டால் எனக்குப் பயம். இந்த இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் என் ஒரே பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள், "ஞாயிறு பூசை முடிய உவனை வரச்சொல்லு, பாப்பம்," என்றாள்.

வந்தான். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். நண்டுக் கறியை முழங்கை வரை வழிய விட்டுச் சாப்பிட்டான். உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது, ஆனால் நிறுத்தவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துவிட்டது. எமில்டாவின் முகம்தான் அசையவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவன் புனிதர்களின் முன்னால் நின்றுவிட்டான்.

"இவர் எப்படி இங்கே வந்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "இவர் எங்கள் ஆள். அந்தக் காலத்து ஒல்லாந்துப் பணக்காரர். என் தாத்தா வீட்டுப் புத்தகங்கள் முழுக்க இப்படிப்பட்டவர்கள்தான். பாருங்கள், மற்றக் கையில் பிடித்திருப்பது தோல் கையுறை."

அதைத்தான் எமில்டா இத்தனை நாளும் செபப்புத்தகம் என்று நினைத்திருந்தாள்.

"எங்கட ஆள் எண்டு ஏன் சொல்லுறான்?" என்று மகளிடம் கேட்டாள்.

"அம்மா, இவன்ர கிராண்ட்பா ஹாலண்டில இருந்து வந்தவர். ஐ டோல்ட் யூ."

எமில்டா கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். "ஒல்லாந்தரோ! அந்தக் காலத்தில எங்கட ஊரைப் பிடிச்சு ஆண்டு, கோயில்களைப் பூட்டின ஆக்கள். உவங்களுக்குப் பயந்துதானே சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள்ள ஓடினது. நான் அவவுக்குப் பக்கத்திலயே வைச்சு..."

எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினாள். படம் குப்பைக்குப் போனால் பொடியனும் போவான், அவனோடு மகளும் போவாள்.

எமில்டா படத்தைப் பார்த்தாள். ஹென்றிக்கைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஒரு வருசமா உந்த மனுசனிட்டத்தான் மாப்பிள்ளை கேட்டனான்," என்றாள் மெதுவாக. "பாவம், அவருக்கு வேற ஆரைத் தெரியும்? தன்ர ஆக்களுக்குள்ள பாத்து அனுப்பியிருக்கிறார்."

மெலனி ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என்ன நடந்ததென்று விளங்காமல் ஹென்றிக் என்னைப் பார்த்தான். நான் அவன் முதுகில் தட்டினேன்.

எமில்டா அவரை மறுபடி மாதாவுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. மற்றச் சுவரில், எங்கள் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியைத் தேடி அடித்து மாட்டினாள்.

"சம்பந்தி பகுதி இஞ்ச இருக்கட்டும்," என்றாள். பிறகு ஹென்றிக்கிடம் திரும்பினாள். "இருங்கோ தம்பி, பாயாசம் இருக்கு."