வரலாற்று வாத்தியார் கட்டிய பரிவட்டம்

காளிராஜ் சார் பிரெஞ்சுப் புரட்சி நடத்தினால் பக்கத்து வகுப்பும் காதைத் தீட்டிக்கொள்ளும். "ராஜா தலையையே வெட்டின சனம்லா!" என்று மேசையில் ஒரு குத்து விடுவார். பிறகு நெப்போலியன் வருவான். போப்பாண்டவர் பக்கத்தில் இருக்க, கிரீடத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். அந்த இடத்தில் சார் நிறுத்துவார். "இவனை என்ன சொல்லணும்?" பிள்ளைகள் கோரஸாகக் கத்தும்: "வெக்கங்கெட்ட மனுசன்!"

வகுப்போடு விட்டாரா மனுசன்? சங்கரன்கோவிலில் அவர் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதையாகக் கட்டும் பரிவட்டப் பட்டு என்றால் பெரியவீட்டுச் சங்கரபாண்டி தலைக்குத்தான். அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள் திருநீற்றுக்குக் கை நீட்டவேண்டும். சார் வீடு வீடாக ஏறி இறங்கினார், ஏச்சு வாங்கினார், கடைசியில் அந்த வழக்கத்தை ஒழித்துக்கட்டினார். இனி எல்லோருக்கும் ஒரே வரிசை. பட்டுத்துணி மனுசத் தலைக்கு இல்லை, அம்மன் பீடத்துக்கே என்று தெருக்கூட்டத்தில் முடிவானது. சாரையே கமிட்டித் தலைவராகவும் போட்டார்கள்.

கொடையன்று தீபாராதனை முடிந்ததும் பூசாரி ஆறுமுகச்சாமி பழக்க தோஷத்தில் பட்டுத்துணியைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். பெரியவீட்டுக்காரரோ வரிசையில் எங்கோ நடுவில் நிற்கிறார். பூசாரி திருதிருவென்று முழித்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்று சாரிடம் கேட்டார்.

அம்மனுக்கு என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தானே இத்தனை பாடு! மேளம் வெளுத்து வாங்கியது. தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. கை தானாக நீண்டது என்று சொன்னால் பொய், சார்தான் நீட்டினார். துணியை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள். ஐயோ, அந்த ஒரு நிமிசம் எவ்வளவு சுகமாக இருந்தது!

சங்கரபாண்டி வரிசையை விட்டு விலகி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சார் விறைத்தார். அவரோ பக்கத்தில் வந்து, "இறுக்கிக் கட்டும் வே, நழுவுது. மொத வருசம் எனக்கும் இப்படித்தான்" என்று முடிச்சைச் சரிசெய்துவிட்டுப் போய் வரிசையில் நின்றுகொண்டார்.

சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதாவது அவிழ்த்துப் போட்டிருக்கலாம். போடவில்லை, கொடை முடியும்வரை.

மறுவாரம் வகுப்பில் திருப்புதல். புரட்சி முடிந்தது. நெப்போலியன் வந்தான், கிரீடத்தை எடுத்தான், வைத்துக்கொண்டான். பழக்கத்தில் சார் நிறுத்திவிட்டார்.

"இவனை..." என்று இழுத்தார்.

வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதே தெரு. ஒன்றும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் பெஞ்சு ஜெயசித்ரா மெதுவாக எழுந்தாள்.

"நாங்க சொல்லமாட்டோம் சார். நானுந்தான குலவை போட்டேன்."

அவர்கள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தனக்காகப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டதுதான் தாங்கவில்லை.

"சொல்லுங்க மக்கா," என்றார். "சொல்லிருங்க."

யாரும் சொல்லவில்லை.