கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஒலீட்டா டவுன் பெண். மாடு மேய்த்துக்கொண்டே பாட்டுக் கட்டிப் பாடுகிற ராய்ஸின் பிக்கப் வண்டியில் முதன்முதலாக ஏறிய அன்று, மேய்ச்சல் நிலத்து கேட் முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, பக்கத்து சீட்டுல இருக்கறவங்கதான் எறங்கி கேட்டத் தெறக்கணும். கவர்னரே வந்தாலும் இங்க அதான் சட்டம்."

இறங்கினாள். திறந்தாள். வண்டி உள்ளே போனதும் கேட்டைச் சாத்திச் சங்கிலியை மாட்டிவிட்டுத் திரும்பினால், அடக் கடவுளே, தான் வெளியே நிற்கிறாள்! ராய்ஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தான். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சங்கிலியைத் தொடாமல் ஏறிக் குதித்தாள். அந்த வருஷமே கல்யாணம்.

அதைத்தான் அவன் பாட்டாக்கினான். 'வெளியே நின்னுட்டாளே என் ராசாத்தி' என்று முடியும். ஒக்லஹோமாவின் மாட்டுக்காரர்கள் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். நகரத்து ஆட்களுக்கு மாட்டு கேட் எங்கே புரியப்போகிறது என்று ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கிராமத்துப் பாட்டுக்கே உரிய ஸ்டீல் கிட்டாரைத் தூக்கிவிட்டு முப்பது வயலினைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வரியையும் மாற்றினார்கள்: 'சொர்க்கத்தின் கதவைத் திறந்தாளே.' பிடித்துக்கொண்டது பாருங்கள், தீ மாதிரி! நியூயார்க்கில் கட்டிப்பிடித்து ஆடுகிறவர்கள்கூட அதற்குத்தான் ஆடினார்கள்.

பல் டாக்டர் வீட்டில், மளிகைக் கடையில், எங்கே போனாலும் பாழாய்ப்போன அந்தப் பாட்டு காற்றில் மிதந்து வந்தது. அவளைப் பற்றிய பாட்டுதான். அதில் அவள் இல்லை.

"ஏண்டி, சொர்க்கவாசல் தெறந்தவளே," என்பாள் முடி வெட்டுகிற வனீட்டா. "உன் மாட்டுக்கு யாருடி தண்ணி காட்டறது?"

"நாந்தான். வேற எவ வருவா?" என்று சிரிப்பாள் ஒலீட்டா. வீட்டுக்கு வந்து அழுவாள்.

கச்சேரி கச்சேரியென்று ஊர் ஊராகப் போனதில், இருபது மாதத்தில் ராய்ஸ் வீட்டுக்கு நான்கே தடவைதான் வந்தான், அதுவும் கம்பெனி கார் கொண்டுவந்து விட்டுப் போகும். இந்த முறை விமான நிலையத்துக்கு அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மனதுக்குள் ஒரு முடிவு இருந்தது. கேட் வரும்போது அவன் இறங்கினால் அவன் இன்னும் தன் ஆள். யாராவது திறந்துவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தால், போகட்டும், விட்டுவிட வேண்டியதுதான்.

மாலை வெயிலில் புல்வெளி தேன் நிறத்தில் அசைந்தது. பாதை தூங்குவதுபோல் நீண்டு கிடந்தது. ரேடியோவில் அந்த வயலின்கள். பக்கத்து சீட்டில் ராய்ஸ், வெள்ளைக் கால்சட்டையில், கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தான், சொர்க்கத்தின் கதவைத்தான்.

கேட் வந்தது. நிறுத்தினாள். அவன் அசையவில்லை. புல்லின் வாசனை உள்ளே வந்தது. பாட்டு ஒரு சரணம் முழுக்க ஓடியது. சரி, போயிற்று என்று அவள் நினைத்த நேரத்தில் ராய்ஸ் கண்ணைத் திறந்தான்.

"ஐயையோ, நாந்தான!"

துள்ளி இறங்கினான். திறந்தான். அவள் உள்ளே ஓட்டினாள். சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன ராய்ஸ், வெளையாட்டா?"

விளையாட்டு இல்லை. முழிக்கிற முழியே சொன்னது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒலீட்டா, அந்தப் பாட்ட நான் வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு எழுதிட்டேன். இங்க நின்னா எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

"எனக்கு இருபது மாசமாத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கை சங்கிலிக்குப் போனது.

"அதைத் தொடாத," என்றாள். "ஏறிக் குதி. நான் குதிக்கல?"

குதித்ததில் வெள்ளைக் கால்சட்டை முட்டியில் கிழிந்தது. வண்டியில் ஏறியதும் ரேடியோவை அவனே அணைத்தான். அடுத்த கேட் வரும்வரை பழைய வரியைத்தான் மெல்லப் பாடிக்கொண்டு வந்தான், அவள் கையை விடாமல்.