கேட்டால் மட்டும் அழுத்தவும்

…பழுது பார்ப்பதா, அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று நீலத்திரை கேட்டுக்கொண்டு நின்றது, இதை யாரிடம் போய்க் கேட்பது, யாரிடமும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே காதும் காதும் வைத்த மாதிரி இந்தப் பழைய கணினியை வாங்கிவந்து படுக்கையறை மேசையில் வைத்து, விடுமுறை நாளும் அதுவுமாக இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்… ஊரார் காதையெல்லாம் சோதித்து இவ்வளவு கேட்கிறது, இவ்வளவு கேட்கவில்லை என்று கோடு போட்டுக் கொடுக்கிறவள், தன் காதைச் சோதிக்க இப்படி ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே. மருத்துவமனை இயந்திரத்தில் உட்கார்ந்தால் முடிவு நேரே டாக்டர் மேசைக்குப் போய்விடும், அப்புறம் வேலை? காது கேட்காதவளைக் காது சோதிக்க யார் வைத்துக்கொள்வார்கள்? அவளிடம் இருப்பது படித்த காலத்தில் கொடுத்த பயிற்சிக் குறுந்தட்டு ஒன்றுதான், அதிலிருந்து ஒலி வரும், கேட்டால் பட்டனைத் தட்ட வேண்டும், கடைசியில் கோடு போட்டுக் காட்டும். ஆனால் இந்தக் காலத்துக் கணினிகளை ஓட்டுகிற ஓஎஸ் எதுவும் அந்தத் தட்டைச் சீந்துவதில்லை, ஆகவே பழைய ஓஎஸ், ஆகவே பழைய கணினி.

அழித்துவிடு என்றாள். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று மறுபடி கேட்டது, சம்மதம், சம்மதம், கல்யாணத்தில்கூட ஒரு தடவைதான் கேட்டார்கள். முன்பு வைத்திருந்தவர் யாரோ, முதலில் போட்டுப் பார்த்தபோது திரை நிறைய ஒரு குடும்பம் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது, சத்தமில்லாத சிரிப்பு, அத்தனை பேரும் இப்போது போய்விட்டார்கள். மஞ்சள் கோடு நகர ஆரம்பித்தது. ஹெட்போன் ஒயரைச் செருக மேசைக்கடியில் குனிந்தபோது பின்னாலிருந்து அவள் கணவர் ஏதோ சொன்னார், லிஃப்ட் மெக்கானிக், விடுமுறை நாளிலும் கையில் கிரீஸ் வாசனை போகாத மனுஷன், அவள் குனிந்தபடியே "ம்ம், சரிங்க" என்றாள். டீயாக இருக்கும். சற்று நேரத்தில் அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. பார், கேட்கிறதே, எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது, மருத்துவமனையில் அந்த நர்ஸ் பெண்ணுக்கு என்ன வந்தது, "அக்கா, உங்க காதையும் ஒருதடவை பாத்துக்கலாமே"ன்னு எல்லார் முன்னாலும்… வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஆனாலும் அன்று இரவு சோறு இறங்கவில்லை. அதிலிருந்துதான் இந்தப் பயம், யார் பேசினாலும் வாயையே பார்க்கிற பழக்கம், அல்லது பழக்கம் முதலிலேயே இருந்ததா?

கோடு பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று திரை சொல்லிக்கொண்டேயிருந்தது, அந்தக் கொஞ்சம் குறையவேயில்லை, ஆமை வேகம் என்றால் ஆமைக்குக் கோபம் வரும். "முடிஞ்சுதா?" என்று அவர் அடுக்களையிலிருந்து கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரர் ஓஎஸ் தட்டு இருந்த உறையில் இன்னொரு தட்டையும் செருகியிருந்தார், மேலே 'சவுண்டு' என்று கிறுக்கல், பாட்டாக இருக்கும். தரும்போது மீசை அசைய அசைய என்னவோ சொன்னார், தெருவில் அத்தனை இரைச்சல், அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். ஒரு வழியாகத் திரை இருண்டு, மறுபடி வெளிச்சமாகி, நீல வானமும் புல்வெளியும் வந்தன, கூடவே அந்த வரவேற்பு இசையும், எத்தனை வருஷமாயிற்று கேட்டு, பழைய சிநேகிதி வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, விரலைப் பட்டன்மேல் வைத்தாள். தினமும் அவள் சொல்கிற வாக்கியம் உள்ளே ஓடியது, கேட்டா மட்டும் அழுத்துங்க, ஊகிச்சு அழுத்தாதீங்க, எல்லாரும் ஊகிக்கத்தான் செய்வார்கள், பாவம், கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும். முதல் ஒலி. அழுத்தினாள். இன்னும் மெல்லியது. அழுத்தினாள். ஊசி நுனி போல ஒன்று, இருக்கிறதா இல்லையா என்று… இருக்கிறது, அழுத்தினாள். இடது காது, வலது காது, ஒன்றையும் விடவில்லை. கண்ணைத் திறந்தபோது திரையில் மேலோடு மேலாக நேர்க்கோடு, இளவட்டக் காது. கண்ணில் நீர் முட்டிவிட்டது, இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதற்கு அந்த நர்ஸை நாளைக்கு ஒரு பிடி பிடிக்க வேண்டும். "முடிஞ்சுதா?" என்றார் அவர் மறுபடி. "முடிஞ்சுதுங்க, ஒரு குறையும் இல்ல!"

ஒலியைக் கொஞ்சம் கூட்டி அந்த வரவேற்பு இசையை மறுபடி கேட்கலாமே என்றுதான் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தேடினாள். இல்லை. உள்ளே போய்த் தேடினாள், ஒலி என்ற இடத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி, ஒலிக்கருவி எதுவும் இல்லை, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் போடப்படவில்லை. அப்படியென்றால்… உறையிலிருந்து அந்தத் தட்டு எட்டிப் பார்த்தது, சவுண்டு. மீசை அசைந்தது இதற்குத்தானா? இந்தக் கணினி இதுவரை ஒரு முனகல்கூட முனகவில்லை, அப்படியானால் அந்த வரவேற்பு இசை? அத்தனை ஒலிகளும்? பழைய தட்டு, ஒலி வருகிற தாளம் விரலுக்கு மனப்பாடம், சரி, விரல் தானாக அழுத்தியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும்… அவளுக்குக் கேட்டதே, சத்தியமாகக் கேட்டதே. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் மருத்துவமனை ஹெட்போனைத் தானே மாட்டிப் பார்த்து "சரியா இருக்கு டாக்டர்" என்கிறாளே, அப்போது கேட்பது எது? போன மாதம் ஒரு பெண், தையல் வேலை செய்கிறவள், "வலது பக்கம் ஒண்ணுமே வரலம்மா, மெஷினைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கெஞ்சினாள், மெஷின் சரியாத்தான் இருக்கு என்று சொல்லி வலது காதைச் செவிடென்று இவள் எழுதிக் கொடுத்தாள், அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். ஒயர் அறுந்திருந்தால்? அறுந்த ஒயரிலும் இவளுக்குத்தான் கேட்குமே. கடவுளே, எத்தனை பேர் காதை இப்படி மூடிவைத்திருக்கிறேன்.

"ஏங்க…" என்றாள். "ம்ம்" என்றார் அடுக்களையிலிருந்து. எழுந்து போனாள். அடுப்பு சில்லென்று இருந்தது, டம்ளர்கள் கவிழ்த்தபடி ஈரமில்லாமல் இருந்தன, வாசலில் அவர் செருப்பு இல்லை. அங்கேயே நின்றாள், உட்காரக்கூடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரமோ, முன்கதவு திறந்தது, தோளில் கருவிப் பையோடு அவர் வந்தார், உதட்டைப் பார்த்தாள், "சொல்லிட்டுத்தானே போனேன், லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு, நீகூட சரின்னியே… என்ன, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" 

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பி நின்றார். சட்டை முதுகில் வியர்வை. அவள் கதவு நிலையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முடிஞ்சுதா, என்றது அவர் குரல், அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அருகில், விரல் தானாக அழுந்தியது, "முடிஞ்சுதுங்க" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவர் மெல்லத் திரும்பினார். உதடு அசைந்தது, "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே." அதை அவள் பார்த்தாள், அது நிச்சயம். கேட்கவும் கேட்டதா என்றுதான்…