நிமிஷத்துக்கு ஒரு சுற்று

வீரமலை பொன்மலை ரயில்வே பணிமனையில் லேத் வேலை பார்த்தான். வயது நாற்பது, படிப்பு எட்டாம் வகுப்பு. 1964-இல் திருச்சிக் கல்லூரி ஒன்று, சென்னைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, தொழிலாளர்களுக்கு டிரான்சிஸ்டர் வகுப்பு நடத்த முயன்றபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

பல்கலைக்கழகம் விரல் தடிமனில் டிரான்சிஸ்டர் செய்யும் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் கட்டி ஒன்றை அனுப்பியிருந்தது. அதை இங்கேயே சுத்தம் செய்து காட்டினால்தான் வகுப்புக்கு அனுமதி. கல்லூரியின் பௌதிக விரிவுரையாளர் ரோசரி அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தாள். காற்றுப் படாதபடி வாயு செலுத்திய, சூடு தாங்கும் கண்ணாடிக் குழாய்க்குள் கட்டி. குழாயைச் சுற்றி ஒரு சூட்டு வளையம். அது கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி, அழுக்கை ஒரு முனைக்கு ஒதுக்கியபடி மிக மெதுவாக நகர வேண்டும். அதற்கான திருகாணியை வீரமலைதான் கடைந்து கொடுத்தான். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்.

ஐந்து முறை வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒழுங்காகப் போய் முடித்தது. ஆறாவது முறை, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, திருகாணியைச் சுற்றிய மோட்டார் புகைந்து நின்றது.

"நிறுத்திட்டா என்னங்க ஆகும்?" என்றான் வீரமலை.

"உருகின இடத்துலதான் அழுக்கெல்லாம் சேர்ந்திருக்கு. இப்ப விட்டா நடுவுலயே உறைஞ்சுடும். இன்னொரு தடவை ஓட்ட வாயுவும் இல்லை."

அவன் திருகாணியின் முனையில் ஒரு கைப்பிடியை மாட்டினான். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளோடு கைப்பிடியும் சுற்றத் தொடங்கியது.

குழாய்க்குள் செக்கச்சிவந்த ஒரு துளி வளையத்தோடு ஊர்ந்தது. பின்னால் சாம்பல் நிறமாய் உறைந்தபடி வந்தது கட்டி.

"பின்னால வர்றது எவ்வளவு சுத்தங்க?"

"கோடி அணுவுல ஒண்ணு வேற அணுவா இருந்தாலே அதிகம்."

தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவத் தெரிந்தவன் அவன். கோடியில் ஒன்று என்பது அவன் மனசுக்குள் அடங்கவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தன் கை தள்ளிக்கொண்டு போகிறது என்று நினைத்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

கூட வேலை பார்க்கும் செல்லக்கண்ணு, "நான் கொஞ்சம் சுத்தறேன்" என்றான். வீரமலை தலையாட்டி மறுத்தான். கை மாறினால் அதிரும். செல்லக்கண்ணு அவன் வாயில் தண்ணீர் ஊற்றினான். ஒரு மணிக்குத் தோள் மரத்துப்போயிற்று. இரண்டே முக்காலுக்கு வளையம் கடைசியைத் தொட்டது. கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை ரோசரிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ரோசரி அதை இரண்டு முறை படித்தாள்.

"இதுக்கு மேல சுத்தம் பண்ண முடியுமான்னு அவங்களுக்கே சந்தேகமாம், வீரமலை. வகுப்பு நடத்தச் சொல்லிட்டாங்க."

ஜனவரியில் பொன்மலைக்காரர்கள் இருபத்திரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் அந்தக் கட்டியிலிருந்து அறுத்த ஒரு வில்லை கைமாறி வந்தது. வீரமலை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் கை நீட்டிக் காத்திருந்தான்.