எரிமலையடியில் ஆட்டிறைச்சிக் கறி

அப்பாவை வீட்டுக்குள் வைத்து வெல்ல முடியாது. நான் கல்யாணம் கட்ட நினைக்கும் ஜனுஷனின் அப்பா அம்மாவை மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தால், பால் விடாத ஒரு பிளேன்ரீ கொடுத்து, வெயிலைப் பற்றி நாலு கதை கதைத்து, "பாப்பம்" என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டிருப்பார். அப்பாவின் அகராதியில் "பாப்பம்" என்றால் இல்லை என்று பொருள்.

ஆகவே எரிமலைக்குப் போனோம்.

யோசனை ஜனுஷனுடையது. மெல்பேர்னிலிருந்து மேற்கே நாலு மணி நேரம் ஓடினால் பட்ஜ் பிம் என்ற அணைந்த எரிமலை. அதன் குழம்பு இறுகிக் கல்லான நிலத்தில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான கண்டிச்மாரா மக்கள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விலாங்கு மீன் பிடிக்கக் கட்டிய கல்வாய்க்கால்கள் இருக்கின்றன. அவர்களின் பழைய கல்வீடுகளின் அத்திவாரங்களும் அங்கே கிடக்கின்றன. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வான் வண்டி. கோபம் வந்தாலும் அப்பாவால் இறங்கிப் போக முடியாது, அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. வீடு திரும்புவதற்குள் எங்கள் கல்யாணத்துக்கு ஒரு முடிவு சொல்லுவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் இறைச்சி சாப்பிடுகிற சைவ சமயத்தவர், அவர்கள் இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். இவ்வளவுதான் விஷயம், ஆனால் அப்பாவுக்கு அது மலையளவு.

பயணம் நன்றாகத்தான் தொடங்கியது. ஜனுஷனின் அப்பா வலன்ரைன் அங்கிள் ரயில் ஓட்டுபவர். என் அப்பா ஜெயரட்ணம், ரயில் பிந்தினால் முறைப்பாடு எழுதுபவர். எழுதாமல் விட்ட முறைப்பாடுகளை எல்லாம் அவர் வானுக்குள் வாயால் சொல்லித் தீர்த்தார். அங்கிள் ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். நான் ஜனுஷனைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மத்தியானம் வழியில் ஒரு ஏரிக்கரையில் நிறுத்திச் சாப்பாட்டைப் பிரித்தோம். வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, இறைச்சி இல்லாமல் எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று என் அம்மா யோகா ஒரு பெரிய சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சியிருந்தார். சைவக்காரர் வருகிறார்களே என்று ஜனுஷனின் அம்மா பற்றிமா அன்ரி புட்டும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்திருந்தார்.

அம்மா கரண்டியை நீட்டினார்.

"போடட்டோ?"

"இருக்கட்டும் யோகா அக்கா. எனக்கு வயிறு நிறைஞ்சிட்டுது" என்றார் பற்றிமா அன்ரி. அவர் அப்போதுதான் இரண்டு வாய் புட்டுச் சாப்பிட்டிருந்தார்.

"வலன்ரைன் அண்ணை, உங்களுக்கு?"

"பிறகு பாப்பம்" என்றார் அங்கிள்.

பாப்பம்! அப்பாவின் முகம் இறுகியது. ஜனுஷனைப் பார்த்தேன். அம்மாவின் கறிக்குச் சட்டியையே வழித்து நக்குகிறவன், பருப்பைப் பிசைந்துகொண்டு தலையைக் குனிந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் விடுவது சின்ன விஷயமில்லை. நீ எனக்குக் கீழே என்று வாய் திறக்காமல் சொல்லுகிற வழி அது. ஊரில் சாதி பார்த்து மற்றவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பி வந்தவர்கள்தான் அப்பாவின் ஆட்கள். அதனால்தான் அவருக்கு அது உடனே விளங்கியது, நன்றாக வலித்தது. அன்ரி வைத்த கத்தரிக்காய்க் குழம்பைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எனக்கும் வயிறு நிறைஞ்சிட்டுது."

அதற்குப் பிறகு வானுக்குள் ரயிலும் இல்லை, வெயிலும் இல்லை. என் கல்யாணம் அந்தச் சட்டிக்குள் மூடிபோட்டு ஆறிக்கொண்டிருந்தது.

பட்ஜ் பிம்மில் எங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிய பெண் கண்டிச்மாரா இனத்தவர். கலகலப்பான மனுசி. கறுத்த கற்களுக்கிடையில் தண்ணீர் ஓடும் வழியையும், கூடை வைத்து விலாங்கை மறிக்கும் இடத்தையும் காட்டினார். பிறகு புல்லுக்குள் வட்டமாகக் கிடந்த கற்களிடம் கூட்டிப்போய், "இது ஒரு வீடு" என்றார். இடுப்பளவு கூட இல்லாத கல்வட்டம், ஒரு பக்கம் வாசலுக்கு இடைவெளி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. வேறொரு நாளென்றால் அப்பா நூறு கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எரிமலையைப் பார்த்தபடி நின்றார்.

வழிகாட்டி ஒரு பெட்டியைத் திறந்து, புகையில் வாட்டிய விலாங்குத் துண்டுகளை நீட்டினார். வலன்ரைன் அங்கிள் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். பற்றிமா அன்ரியும் எடுத்தார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"விலாங்கு இறங்குது! என்ர மனுசி காய்ச்சின கறி மட்டும் தொண்டைக்குள்ள இறங்கேல்லையோ? எங்களை என்னெண்டு நினைச்சியள்?"

அன்ரி கையில் விலாங்கோடு திகைத்துப்போய் நின்றார்.

"ஐயோ அண்ணை! இது தவக்காலம். ஈஸ்டர் வருமட்டும் நாங்கள் இறைச்சி தொடுறேல்லை. மீன் சாப்பிடலாம்."

"அதை அங்கயே சொல்லியிருக்கலாம்தானே?"

"நோன்பிருக்கிறதைச் சொல்லிக்காட்டக் கூடாதெண்டு எங்கட வேதத்தில இருக்கு. அதோட, அக்கா ஆசையாக் காய்ச்சிக் கொண்டுவந்தவ. சொன்னா மனம் நோகுமெண்டு பேசாமல் இருந்திட்டன்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியாதோடி?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஈஸ்டரெண்டா எனக்குச் சொக்கிலேற் முட்டைதான். போன கிழமைகூட நானும் ஜனுஷனும் கொத்துறொட்டி..."

வாயை மூடினேன். பிந்திவிட்டது.

"என்ன கொத்து?" என்றார் அன்ரி மிக அமைதியாக.

ஜனுஷன் எரிமலையைப் பார்த்தான். அது எப்போதோ அணைந்துவிட்டது, அவனுக்கு உதவவில்லை.

"சிக்கின், அம்மா."

முதலில் சிரித்தது அப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நிற்கமுடியாமல் பக்கத்துக் கல்லில் உட்காரப் போனார். "அது வீட்டுச் சுவர்!" என்று வழிகாட்டி கத்த, துள்ளி எழும்பி, அந்த வீட்டைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். வழிகாட்டியும் சிரித்துவிட்டார். என்ன நடந்தது என்று நான் ஆங்கிலத்தில் விளக்கியதும் அவருக்கு இன்னும் சிரிப்பு. பிறகு அப்பாவிடம் பெட்டியை நீட்டினார். அப்பா ஒன்று எடுத்தார். அங்கிளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அதே ஏரிக்கரையில் அப்பா வானை நிறுத்தச் சொன்னார்.

"தங்கச்சி, அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு மிச்சம் கிடக்கோ?"

பற்றிமா அன்ரி ஓடிப்போய்ச் சட்டியை எடுத்துவந்தார். தட்டு நிறையப் போட்டார். அப்பா கடைசிப் புட்டுவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"தவக்காலத்தில கலியாணமும் வைக்கமாட்டியள், என்ன?"



"இல்லை அண்ணை. டிசம்பரிலயும் ஏலாது. கிறிஸ்மஸ் நத்தாருக்கு முன்னம் திருவருகைக் காலம்."

"எங்களுக்கு ஆடி கூடாது. புரட்டாதி கூடாது. மார்கழி வாயில எடுக்கேலாது."

இரண்டு பேரும் மாதங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனார்கள். எங்களுக்கு ஒரு மாதமாவது மிஞ்சுமா என்று பயந்து ஜனுஷனின் கையைப் பிடித்தேன்.

"அப்ப ஆவணி" என்றார் அப்பா. "ஆனா ஒண்டு. அண்டைக்கு யோகாவின்ர ஆட்டிறைச்சிதான். ஒருத்தரும் என்னட்டப் பாப்பம் எண்டு சொல்லப்படாது!"