அரை நிமிடம் பிந்தி வரும் பந்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் என் வீட்டில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் விழுந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சார், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் பாருங்க. உங்களுக்கு டிஷ், எங்களுக்கு இன்டர்நெட் டிவி. உங்க வீட்ல கோல் விழுந்து அரை நிமிஷம் கழிச்சுத்தான் எங்க வீட்ல பந்தையே உதைக்கிறான்."

சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அந்த அரை நிமிடம் என்னைத் தூங்க விடவில்லை.

2

தொடக்கம் ஒன்று: இணையத் தொலைக்காட்சி மனிதனின் காலத்தை இரண்டாகப்

(வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.)

தொடக்கம் இரண்டு: அவளுக்கு இணையத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போன், எதிரே கணினியில் ஒரு படிவம். படம் தெளிவாக வேண்டுமா, சேனல் கூட வேண்டுமா, கட்டணம் குறைய வேண்டுமா? மூன்றுக்கும் கட்டம் உண்டு. படம் பிந்தி வருகிறது என்பவர்களுக்குக் கட்டம் கிடையாது. அவர்களை 'இதர' என்பதில் தள்ளிவிட்டு, "அரை நிமிஷம்தானேங்க, அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?" என்று பதினொரு வருடமாக (அதிகமோ? ஆறு என்று வைத்துக்கொள்வோம்) ஆறு வருடமாகச் சொல்லிவருகிறாள்.

இது தேறும்.

3

அவளுக்கு ஒரே மகள். கோல்கீப்பர்.*

* முதலில் பாடகியாகத்தான் எழுதினேன். பாட்டு பிந்தி வந்தால் யாருக்கும் உயிர் போகாது. அடித்துவிட்டேன்.

போன ஆட்டத்தில் சும்மா உருண்டு வந்த பந்தைக் கால் நடுவே விட்டுவிட்டாள். ஊரே அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சிரித்தது. "இன்னிக்கும் விட்டேன்னா டீம்ல இருந்து தூக்கிடுவாங்கம்மா," என்று காலையில் போனில் சொன்னாள். அம்மாவுக்குச் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்க வந்தது.

இந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். மகள் ஆடப்போகும் நேரத்தில் யாராவது இருந்த டிஷ்ஷைக் கழற்றிவிட்டு, ஊழியர்களுக்கு இலவசம் என்பதற்காகத் தன் நிறுவனத்தின் பெட்டியை மாட்டிக்கொள்வார்களா? பிந்தி வரும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆறு வருடமாக ஒரே பதிலை ஒப்பித்தவள், கடைசியில் அதைத் தானே நம்பிவிட்டாள். என் கதைகளை நானும் இப்படித்தான் நம்பித் தொலைக்கிறேன்.

4

மாலை நாலரை. ஆட்டம் சமன். அப்படியே முடிந்தால்கூட மகளின் அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி.

திரையில் எதிரணிக்காரி பந்தைக் குனிந்து வைக்கிறாள். மகள் கையுறைகளைத் தட்டிக்கொள்கிறாள்.

மேல் வீட்டிலிருந்து பெரும் சத்தம். அங்கே டிஷ். கொண்டாட்டமா அலறலா என்று கூரை வழியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை.

அங்கே மைதானத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மகளை யாரோ தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், அல்லது அவள் தனியாக மண்டியிட்டு அழுதுகொண்டிருக்கிறாள். இங்கே திரையில் மட்டும் மகள் இன்னும் எதையும் விடவில்லை. படம் நிற்கிறது என்று திட்டுபவர்களையே ஆறு வருடமாகக் கேட்டவள், முதல்முறையாக, படம் நின்றுபோகட்டும், நின்ற படத்தின் நடுவே வரும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

படிக்கட்டில் தடதடவென்று காலடி. மேல் வீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். கண்ணெல்லாம் நீர்.

"ஏய், உன் பொண்ணு..."

"அக்கா, சொல்லாதீங்க! உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், சொல்லாதீங்க!"

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

5

முடிவு அ: பாய்ந்து தடுத்துவிடுகிறாள். (பத்திரிகை ஆசிரியர் மகிழ்வார்.)

முடிவு ஆ: பந்து மறுபடியும் கால் நடுவே

(கை வரவில்லை.)

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லவும் ஆசைதான், நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் நீங்கள் அவளோடு அதே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் சொன்னால் அவள் காதில் விழும்.

எதிரணிக்காரி ஓடி வர ஆரம்பித்துவிட்டாள். நீங்களே பாருங்கள்.